ஆளில்லாத ஊருக்கு வழி கேட்ட தம்பிக்கு

எட தம்பி, பெட்டியை இறக்கி வைக்க முந்தியே நீ கேட்ட கேள்வி எனக்கு வலு புழுகம் தந்தது. "அப்பு, சுற்றுலாக்காரர் ஆரும் போகாத இடங்களாப் பாத்துச் சொல்லுங்கோ, வாகனத்தில இலங்கையை ஒரு சுத்துச் சுத்தப் போறன்" எண்டாய். சொல்லுறன். அதுக்கு நீ கன தூரம் போகத் தேவையில்லை. இப்ப காலை நீட்டிக்கொண்டு இருக்கிறியே, இந்தத் திண்ணை அப்பிடிப்பட்ட இடந்தான். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரம். ஆரும் போகாத இந்த ஊரில பிறந்து, ஆரும் போகாத பள்ளிக்கூடத்தில அடிவாங்கி, ஆரும் போகாத சந்தையில கத்தரிக்காய் வித்து, ஆரும் போகாத கோயிலில தாலி கட்டி, பெத்த பிள்ளையளில உன்ர கொப்பர் கனடாவுக்கு ஓடின பிறகும் நான் இஞ்சயேதான் கிடக்கிறன். இவ்வளவு காலமும் என்னை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல. நீ கண்டுபிடிச்சிட்டாய். நல்லா இரு மோனை.

சரி, கேட்டதுக்குப் புத்தி சொல்லாமல் விட்டால் கிழவனுக்கு மரியாதை இல்லை. முதல் பாடம் தூரம். இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர். வடக்குக் கோடியில இருந்து தெற்குக் கோடிக்கு 430 கிலோமீற்றர் அளவு. "இவ்வளவுதானோ, ஒரு நாளில ஓடி முடிச்சிடலாமே" எண்டு சிரிச்சாய். சிரி. நாடு சின்னன்தான், றோட்டுத்தான் நீளம். உன்ர கைபேசிக்குள்ள இருக்கிற பொம்பிளை "இன்னும் நாற்பது நிமிசம்" எண்டுவாள். அவளுக்கு மாடு தெரியாது. மாசி, பங்குனியில காலபோக வெட்டு முடியத் தார் றோட்டின்ர ஒரு பக்கம் நெல் காயும். மற்றப் பக்கம் மாடு படுத்திருக்கும். நடுவால ஒருத்தன் லாண்ட்மாஸ்டர் பெட்டியில குடும்பத்தை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போவான். இதில நீ ஆருக்கு ஹோன் அடிக்கப் போறாய்? நெல்லுக்கோ, மாட்டுக்கோ, நேத்திக்கோ? ஆறுதலாப் பின்னால போ. காயிற நெல்லில மட்டும் டயரை ஏத்திப்போடாத. உனக்குத் தமிழ் சரியா விளங்காது எண்டு கொம்மா கவலைப்பட்டவ. அண்டைக்கு எங்கட ஊர்ப் பொம்பிளையள் பேசுறது ஒரு சொல் விடாமல் விளங்கும்.

வழி கேக்கிறதும் ஒரு படிப்பு. "இந்தா, கிட்டத்தான்" எண்டு சொல்லுவினம். அவை சைக்கிளில போய்ப் பழகின ஆக்கள். ஆறு கட்டையும் அவைக்குக் கிட்டத்தான். இன்னொண்டு, எங்கட சனத்துக்கு 'தெரியாது' எண்டு சொல்ல வெக்கம். வழி கேட்டு வந்தவனை வெறுங்கையோட அனுப்பக்கூடாது எண்டு, தெரியாதவனும் ஒரு பக்கம் கை காட்டி விடுவான். அதால மூண்டு பேரைக் கேள். மூண்டு கையும் ஒரே பக்கம் நீண்டால் போ. மூண்டும் மூண்டு பக்கம் நீண்டால், தேத்தண்ணிக் கடை எங்க எண்டு கேள். அதில ஒருத்தரும் பிழை விடமாட்டினம். கடைக்காரர் தேத்தண்ணியை ஆத்தித் தந்து, கொப்பற்ற பேரை விசாரிச்சு, கொப்பாட்டன்ர காணிச் சண்டையை ஞாபகப்படுத்தி, கடைசியில நீ அவருக்கு ஏதோ ஒரு முறையில மருமோன் எண்டு நிறுவிப்போட்டுத்தான் வழி சொல்லுவார். அரை மணித்தியாலம் போகும். வழி மட்டும் சரியா இருக்கும்.

காலத்துக்கு வாறன். உன்ர வழிகாட்டிப் புத்தகத்தில மார்கழி, தை நல்ல காலம் எண்டு அடிச்சுக் கிடக்கும். ஓம், காலிக்கும் ஹிக்கடுவைக்கும் நல்ல காலம். அவை அங்க வெயில் காயேக்க, இஞ்ச வடகீழ்ப் பருவமழை குளத்தை நிரப்பி, வான் பாய வச்சு, மதகையும் கையோட கூட்டிக்கொண்டு போகும். ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியுமட்டும் வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் தண்ணிக்காடு. வைகாசியில இருந்து தெற்கிலயும் மேற்கிலயும் மழை கொட்டேக்க, எங்களுக்குச் சோளகம் அடிக்கும்; புழுதியும் வெக்கையும் வத்தின குளமுந்தான். ஒரு சின்ன நாட்டுக்கு ரெண்டு மாரி. எந்த மாசம் வந்திறங்கினாலும் எங்கயாவது ஒரு இடத்தில உன்னை நனைச்சு அனுப்ப வேணும் எண்டுதான் இந்த ஏற்பாடு. புழுதி காணும் எண்டால் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில வா. பச்சை பாக்க வேணும் எண்டால் மாரி முடிஞ்ச கையோட வா. மாரிக்குள்ள வாறதெண்டால் நீந்தத் தெரிஞ்ச வாகனமாப் பாத்து எடு.

வாகனம் எண்டோடன ஞாபகம் வருது. வெள்ளைக்காரப் பிள்ளையள் ஓட்டோ வாடகைக்கு எடுத்து, அதுக்குக் குஞ்சமும் கட்டி, தாங்களே ஓட்டிக்கொண்டு வருகினம். நல்ல துணிச்சல். எங்கட கிரவல் றோட்டில லொறியும் உழவு மெஷினும் ஓடி ஓடி ரெண்டு தடம் விழுந்திருக்கும். ஓட்டோவுக்கு மூண்டு சில்லு. மூண்டாவது சில்லு எங்க போகும் எண்டு அவையள் கொழும்பில யோசிக்கேல்ல. நீ பெரிய ஜீப் எடுக்கப் போறன் எண்டாய்; கண்ணாடியை ஏத்திப்போட்டுக் குளிர்க்காத்துக்குள்ள இருந்து பாத்தால் முதிரை மரத்துக்கும் பாலை மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, வீரப்பழம் விக்கிற பொடியன் கூப்பிடுறதும் கேக்காது. என்னைக் கேட்டால் பஸ்தான் திறம். எங்கட பக்கம் பள்ளிக்கூடம் நடக்கிற நாளில காலமை ஒண்டு வரும். வந்தால் ஏறு.

இனி இடங்கள். மன்னாருக்குத் தெற்க அரிப்பு எண்டு ஒரு கரை கிடக்கு. உனக்கெண்டே செய்த இடம்; ஆளரவம் இல்லை. கடலோர மண்மேட்டில ஒரு மாளிகை இடிஞ்சு நிக்குது. முதலாவது இங்கிலீசுத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில கட்டினது. கொழும்பில குந்தியிருக்க வேண்டிய துரை இந்தப் பொட்டல் வெளியில ஏன் மாளிகை கட்டினவர் எண்டு யோசிச்சியோ? முத்துத்தான். குளிப்புக் காலம் வந்தால் இந்தக் கரையிலயும் எதிர்க்கரையிலயும் இருந்து குளியாளர், ஊர் ஊரா யாவாரியள், கள்ளர், காவல்காரர் எண்டு வெறுங்கரை ஒரு பட்டணமா நிமிரும். சிப்பி ஓய்ஞ்சுது, துரைமாரும் போட்டினம். மிஞ்சின சுவரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுது. தேசாதிபதி வீடு கட்டி இருந்த இடத்தைத்தான் நீ இப்ப 'ஆரும் அறியாத மூலை' எண்டு வீடியோ போடப் போறாய்.

அதே அரிப்பில ஒல்லாந்தரின்ர சின்னக் கோட்டை ஒண்டும் கிடக்கு. உன்ர தொழிலை உனக்கு முந்திச் செய்தவன் ஒருத்தன் அங்கதான் பயணத்தை முடிச்சவன். ரொபேர்ட் நொக்ஸ். புயலில பாய்மரம் இழந்த கப்பலைத் திருத்த அவனும் கூட்டாளியளும் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்த இடத்தில, 1660 இல கண்டி ராசா இராசசிங்கன்ர ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போட்டினம். பேந்து 19 வருசம் உள்நாட்டிலதான். விலங்கு போட்டு அடைக்கேல்ல. தொப்பி பின்னி வித்து, காணி வாங்கி, வீடும் கட்டி இருந்தான். கடைசியில சாமான் விக்கிற யாவாரியா வடக்க வந்து வழி பழகி, 1679 இல அருவியாற்றங்கரையைப் பிடிச்சுக் காட்டுக்குள்ளால நடந்து அரிப்புக்கு வந்து சேர்ந்தான். 1681 இல லண்டனில புத்தகம் அச்சாச்சு. 19 வருசம் இருந்து ஒரு புத்தகம். நீ பத்து நாள் நிண்டு இருபது வீடியோ. உன்னைக் குறை சொல்லேல்ல மோனை. அவனிட்டத் திரும்பிப் போற ரிக்கற் இல்லை.

அங்கால மன்னார்த் தீவு. பள்ளிமுனையில ஒரு பெருக்கமரம் நிக்குது, சுற்றளவு 19 மீற்றருக்கு மேல. அராபிய யாவாரியள் கொண்டுவந்து வச்ச இனம் எண்டு சொல்லுவினம். றோட்டில நிண்டு உன்னைப் பாக்கிற கழுதையளும் அவையளோட வந்த வழிதானாம். திருக்கேதீச்சரத்துக்குப் போ. மாதோட்டம் எண்ட பெரிய துறைமுகம் இருந்த இடம். சம்பந்தரும் சுந்தரரும் தேவாரம் பாடின தலம். இராமேச்சரத்தில நிண்டு இந்தப் பக்கம் பாத்து, கடல் கடக்காமலே பாடினவை எண்டு ஒரு கதை. அதாவது, வராமலே ஒரு இடத்தைப் புகழுறது உங்கட காலத்தில தொடங்கின வேலை இல்லை. ஆனால் அவை பாடினது இண்டைக்கும் நிக்குது.

தீவின்ர கோடியில தலைமன்னார். பழைய இறங்குதுறை துருப்பிடிச்சு நிக்கும். 1914 இல இருந்து, மதராசில றெயில் ஏறினவன் தனுஷ்கோடியில கப்பல் மாறி, 30 கிலோமீற்றர் அளவு கடலைக் கடந்து, தலைமன்னாரில திரும்பவும் றெயில் பிடிச்சுக் கொழும்பில போய் இறங்குவான். எல்லாத்துக்கும் ஒரே ரிக்கற். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டு போச்சு. பேந்து சண்டை கப்பலையும் நிப்பாட்டி, தண்டவாளத்தையும் பிடுங்கிச்சுது. றெயில் திரும்பி வர 2015 ஆச்சு, கப்பலைக் காணேல்ல. முன்வாசல் கதவைப் பூட்டிப்போட்டு, அந்தப் பக்கத்தைக் கொல்லைப்புறம் எண்டு பேர் வச்சால், குற்றம் வாசலிலயோ, பூட்டினவனிலயோ?

மன்னாரில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 றோட்டால சுத்திப் போகாத. ஏ-32 ஐப் பிடி. வெள்ளாங்குளம், பூநகரி எண்டு கரையோரமா ஓடும். எதிர்ப்படுற வாகனத்தை விரல் விட்டு எண்ணலாம். பூநகரியில போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பிச்ச கோட்டை. பேந்து சங்குப்பிட்டிப் பாலம், 288 மீற்றர், 2011 இல திறந்தது. அதுக்கு முந்திப் 'பாதை' எண்ட மிதவையிலதான் வாகனத்தை ஏத்திக் கடக்க வேணும். பாலத்தில நிண்டு படமெடு, வேண்டாமெண்ணேல்ல. ஆனால் பாலம் வர முந்தி நோயாளியோட அக்கரையில நிண்ட ஆக்களைக் கேட்டால், கடலேரி வடிவு எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

றோட்டு முடிஞ்ச பிறகும் ஆசை அடங்காட்டில், குறிகட்டுவானில வாகனத்தை விட்டிட்டு நெடுந்தீவுக்குப் படகு ஏறு. முருகைக்கல் அடுக்கின வேலியும் கட்டைக் குதிரையளும் பாக்கலாம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரையளின்ர பேரப்பிள்ளையள். கொண்டு வந்தவை போய்க் கன காலம். குதிரைக்கு மட்டும் விசா முடியேல்ல.

திரும்பி வந்து பரந்தனில கிழக்க திரும்பு. முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் சொச்சம். இந்தப் பக்கம் கிழவன் பகிடியைக் கொஞ்சம் குறைச்சுத்தான் கதைப்பன். கேட்டுக்கொள். றோட்டோரம் மண்டையோடு கீறின சிவப்புப் பலகை கண்டால் அது அலங்காரம் இல்லை. மிதிவெடி இன்னும் எடுத்து முடியேல்ல. ஒண்டுக்கு வந்தாலும் பழகின தடத்தை விட்டுக் காட்டுக்குள்ள இறங்காத. வெக்கத்தைக் காப்பாத்தப் போய்க் காலைக் குடுக்காத. வட்டுவாகலில நந்திக்கடலுக்கு மேல ஒரு ஒடுக்கமான பழைய பாலம். 2009 வைகாசியில சண்டை முடியேக்க மிச்சச் சனம் அதாலதான் நடந்து வந்தது. நானும் வந்தன். அதில நிண்டு பல்லைக் காட்டிப் படமெடுக்கிற ஆக்களைக் காணேக்க நான் வேற பக்கம் பாப்பன். நீ அங்க வண்டியை விட்டு இறங்கினால், தொப்பியைக் கழட்டு. அது காணும்.

வைகாசி விசாகத்துக்கு நிக்கிறதெண்டால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிட்டப் போ. கடல்தண்ணியில விளக்கெரிக்கிற கோயில். 'ஆரும் வராத' அந்த ஊரில அண்டைக்குக் கால் வைக்க இடமிருக்காது. வாகனத்தை மூண்டு கட்டைக்கு அங்கால விட்டிட்டு நடந்துதான் வர வேணும்.

எங்கட கற்சிலைமடுவில ஒரு கல் நட்டிருந்தவை, வெள்ளைக்காரரின்ர வேலை. 1803 ஐப்பசி 31 இல இந்தப் பக்கந்தான் கப்ரன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சவர் எண்டு எழுத்து. வந்த இடத்தில ஒரு அடையாளம் வச்சால்தான் அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கும் மனம் ஆறும். உனக்குக் கைபேசி இருக்கு, அவனுக்குக் கல்லுத்தான். வேடிக்கை என்னெண்டால், தோத்தவன்ர பேரை எங்கட பிள்ளையளுக்கு இண்டைக்கும் வைக்கிறம். வெண்டவன்ர பேரைச் சொல்லக் கல்லைத்தான் தேட வேணும்.

முல்லைத்தீவில இருந்து கரையோரமாத் தெற்க இறங்கினால் நாயாறு, கொக்கிளாய். அங்க றோட்டு கடலேரி வாயில போய் முட்டி நிக்கும். அக்கரையில புல்மோட்டை கண்ணுக்குத் தெரியும். பாலம் இல்லை. பாலம் வரும் எண்ட கதை மட்டும் ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வந்து போகுது. ஆள் வள்ளத்தில கடக்கலாம். வாகனம் எண்டால் திரும்பி, நெடுங்கேணிப் பக்கத்தால காடு சுத்தித்தான் வர வேணும். அரை நாள் முடிஞ்சிடும். நீ அந்தக் கரையில நிண்டு, "ஆகா, றோட்டு முடியிற இடம்! எவ்வளவு அமைதி!" எண்டு மூச்சை இழுத்து விடுவாய். இழு. பக்கத்தில மீன் பெட்டியோட நிக்கிறவர் அக்கரைச் சந்தையைப் பாத்து மூச்சு விடுவார். ஒரே காத்துத்தான், அவருக்கு ஐஸ் உருகுது.

திருகோணமலைக்கு அங்கால நிலைமை மாறியிட்டுது. கிண்ணியாவில பாதைக்குக் காத்து நிண்ட காலம் போய், 2009 இல 396 மீற்றரில பாலம் வந்தது. பேந்து அங்கால இருந்த மற்றப் பாதையளுக்கும் பாலம் போட்டாச்சு. இப்ப மூதூர், வெருகல், வாகரை எண்டு மட்டக்களப்புக்கு ஒரே ஓட்டம். வெருகல் முருகனைக் கும்பிட்டிட்டுப் போ. பாலம் வந்தபடியால் அந்தப் பக்கம் 'பழுதாப் போச்சு' எண்டு ஒரு வெள்ளைக்காரன் என்னட்டச் சொல்லிக் கவலைப்பட்டவன். மூதூர்ச் சனம் அந்தக் கவலையில பங்கெடுத்ததாத் தெரியேல்ல.

மட்டக்களப்பில எல்லாரும் கல்லடிப் பாலத்தில நிண்டு மீன் பாடுதோ எண்டு காது குடுப்பினம். நீ வாவிக்கு மேற்க, படுவான்கரைக்குப் போ. குருமண்வெளியில பாதை ஏறி மண்டூருக்கு இறங்கு. முருகன் கோயிலில பூசை செய்யிற கப்புகனார் வாயைத் துணியால கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். பயணம் போறவைக்கும் அந்த வழக்கம் வந்தால் நாட்டுக்கு நல்லது. வாவிக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளாமையும் எருமைத் தயிரும். கடல் பக்கத்து எழுவான்கரைக்குச் சோறு போடுறது படுவான்கரை. தார் மட்டும் எழுவான்கரைக்கு முதலில வரும்.

இன்னும் தெற்க பொத்துவில், பாணமை தாண்டினால் உகந்தை. அங்கால குமண, யால காடு. "இப்பதான் உண்மையான காடு, ஆரும் போகாத பாதை" எண்டு உனக்கு மயிர் கூச்செறியும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில இருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை எண்டு நடந்து, கும்புக்கன் ஆறு கடந்து, அந்தக் காட்டுக்குள்ளால கதிர்காமத்துக்குப் போறது எங்கட சனத்தின்ர வழக்கம். ஒன்றரை மாசத்துக்கு மேல நடை. ஆடித் திருவிழாவுக்குக் காட்டுப் பாதை திறக்கேக்க, என்னிலும் வயசு கூடின ஆச்சிமார் தலையில பொட்டலத்தோட, காலில செருப்பில்லாமல் போவினம். உன்ர சப்பாத்து என்ன விலை எண்டாய்? சொல்லாத, ஆச்சிமாருக்குச் சிரிப்பு வரும்.

திரும்பேக்க கதிர்காமத்தில இருந்து புத்தல றோட்டால வருவாய். அங்க யானை வாகனத்தை மறிக்கும். பயணம் போன புண்ணியவான்கள் பழம் குடுத்துப் பழக்கிவிட்டது. முதலில பக்தியில குடுத்தவை, பேந்து பகிடிக்குக் குடுத்தவை, இப்ப யானை அதை வரியாக்கி வச்சிருக்கு. நீ ஒரு சீப்பு வாழைப்பழம் எறிஞ்சு, படமெடுத்துப்போட்டுப் போயிடுவாய். அடுத்த நாள் அதே இடத்தில வெறுங்கையோட மோட்டச்சைக்கிளில வாற உள்ளூர்க்காரன்தான் யானைக்குப் பதில் சொல்ல வேணும். அதால ஒண்டும் குடாத, இறங்காத. எங்கட வன்னி றோட்டிலயும் பொழுதுபட்டால் ஓடாத. பின்னேரம் ஐஞ்சரைக்குப் பிறகு றோட்டு அவையின்ர.

மலைநாட்டில என்ன ஒதுக்குப்புறம் கிடக்கு எண்டும் கேட்டாய். ஹுன்னஸ்கிரியவில திரும்பி, நக்கிள்ஸ் மலைக்குள்ள மீமுரே எண்ட ஊருக்கு இறங்கு. வளைவைப் பாத்தால் வாகனமே கும்பிடும். அது சிங்கள ஊர். ரெண்டு சொல்லுச் சிங்களம் பாடமாக்கிக்கொண்டு போ. பிழையாச் சொன்னாலும் சிரிச்சுக்கொண்டு சோறு போடுவினம். உன்ர தமிழைக் கேட்டு நாங்கள் போடேல்லயோ?

எங்க போனாலும் ஒரு ஒழுங்கு. குழந்தையளுக்கு ரொபி எறியாத. பல்லுக் கட்ட வைத்தியர் முப்பது கட்டைக்கு அங்கால. ஓலை வீட்டைப் படமெடுக்க முந்தி வீட்டுக்காரியைக் கேள். அவ சட்டை மாத்திக்கொண்டு வாற வரைக்கும் நில். படத்தை அனுப்புறன் எண்டு சொன்னால் அனுப்பு. அனுப்புறம் எண்டு சொல்லிப் போனவை எல்லாரின்ர படமும் இஞ்ச வந்து சேர்ந்திருந்தால், ஒட்டச் சுவர் காணாது.

இவ்வளவும் கேட்டிட்டு உனக்கு ஒண்டு விளங்கியிருக்க வேணும். தேசாதிபதி இருந்த அரிப்பு, ரிக்கற் கிழிச்ச தலைமன்னார், கப்பல் நிறைஞ்ச மாதோட்டம், ஆச்சிமார் நடக்கிற குமண. இதில ஒண்டும் கடவுள் ஒதுக்கி வச்ச இடமில்லை. கப்பல் நிண்டு, தண்டவாளம் போய், சண்டை வந்து, பாலம் வராமல் விட்டபடியால் ஒதுங்கின இடங்கள். நீ வடிவெண்டு சொல்லுற அமைதியில பாதி, செய்யாமல் விட்ட வேலை. போ, பார், வடிவெண்டே எழுது. வடிவுதான், நாங்களும் அதுக்காகத்தான் விட்டிட்டுப் போகேல்ல. ஆனால் 'தீண்டப்படாத அழகு, இப்பிடியே இருக்க வேணும்' எண்டு மட்டும் முடிக்காத. அதைக் கொழும்பில ஒருத்தர் வாசிச்சால், இருக்கிற ஒரு பஸ்ஸையும் நிப்பாட்டிப்போடுவார்.

அதுக்குப் பதிலா ஒரு சின்ன உதவி. நீ ஊர் போய்ச் சேர்ந்தோடன, எங்கட றோட்டுக்குப் பின்னேரப் பஸ் ஒண்டு விடச் சொல்லிக் கந்தோருக்கு ஒரு கடிதம் போடு. வெளிநாட்டு முத்திரை குத்தி, நல்ல இங்கிலீசில எழுது மோனை. நாங்கள் தமிழில எழுதினது எல்லாம் இன்னும் றோட்டிலதான் வந்துகொண்டிருக்காம்.